முக்கால் அங்குலம்

பூனை நன்றாக இருக்கிறது. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம், நடுவில் நான் சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு. உடம்பு பளபளவென்று இருக்கிறது. சோபாவின் ஒரு பக்கத்தை நார் நாராகக் கிழித்துவிட்டது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பிராணிகள் காப்பகத்திலிருந்து நீங்கள் அனுப்பிய படிவம் மூன்று நாளாக மேசைமேல் கிடக்கிறது. புதிய பிராணி வீட்டுக்குப் பழகிவிட்டதா என்று கேட்டு, பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். நாலைந்து முறை பேனாவைத் திறந்து மூடினேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. அதனால்தான் தனியாகத் தாள் எடுத்துக்கொண்டேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடு வந்து, முழுக் கறுப்பாக, ஒரு வெள்ளை முடிகூட இல்லாமல், மஞ்சள் கண்ணோடு, நாலைந்து வயதில் ஓர் ஆண் பூனை வேண்டும் என்று நின்ற ஆள். "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். விண்ணப்பத்தில், எதற்காக வளர்க்க விரும்புகிறீர்கள் என்ற இடத்தில், 'கண் தெரியாத மாமனாருக்குத் துணையாக' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். தங்கமான மருமகன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் அங்கே சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். மாமனாருக்கு ஏற்கனவே ஒரு பூனை இருந்தது. நான் உங்களிடம் வருவதற்கு முந்தின நாள்வரை இருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர். வீடு மாமனாருடையது, நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதைச் சொல்லி யாரும் என்னைக் குத்திக்காட்டியதில்லை, மாமனார் ஒரு நாளும் இல்லை. அவர் தையல்காரர். நாற்பது வருடம் ஒரே தெருவில் கடை வைத்திருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஆறு வருடத்துக்கு முன் முழுக்க அணைந்துவிட்டது. கடையை மூடினாரே தவிர மிஷினை மூடவில்லை. முன்னறை ஜன்னலோரம் அதைப் போட்டுக்கொண்டு தலையணை உறை, திரைச்சீலை, அக்கம்பக்கத்தார் பாவாடை என்று மிதித்துக்கொண்டே இருப்பார். வேலைக்குக் கிளம்புமுன் பத்து ஊசிகளில் நூல் கோத்து அவருடைய பஞ்சுத் திண்டில் குத்திவைத்துவிட்டுப் போவது என் வேலை. "மாப்பிள்ளை ஊசியில நூல் கோக்கறதுக்கு மட்டும் ஒரு சம்பளம் போட்டுக் குடுக்கலாம்" என்பார்.

அவருடைய அளவு நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை தொடங்கிய நாளில் வாங்கியது. எண்களெல்லாம் எப்போதோ தேய்ந்துபோய் வெறும் மஞ்சள் பட்டையாகிவிட்டது. பார்வை மங்கத் தொடங்கிய காலத்தில், எண்கள் முழுக்கப் போகுமுன், ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு ஸ்டேப்ளர் பின்னை அவரே அடித்துத் தட்டையாக்கி வைத்துக்கொண்டார். மொத்தம் அறுபது பின். கட்டைவிரல் நாடாவின்மேல் ஓடும், உதடு எண்ணும், வாய் அளவைச் சொல்லும். அரை அங்குலம், கால் அங்குலம் எல்லாம் நகத்தாலேயே. சட்டைப் பையில் பணப்பை இல்லாமல்கூட இருப்பார், கழுத்தில் அந்த நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரே பெண். அவளுடைய அம்மா கடைசி நாலு வருடம் ஞாபகம் தப்பிப்போய்க் கிடந்து இறந்தார். கட்டிய கணவனை யாரென்று கேட்டார், பெற்ற மகளை வேலைக்காரி என்றார். அந்த நாலு வருடமும் அம்மாவைத் துடைத்துக் குளிப்பாட்டியவள் அவள். அதனால் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான். அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

பூனையின் பெயர் பாபின். தையல் மிஷினின் அடியில் நூல் சுற்றிப் போடும் அந்தச் சின்ன உருளை இருக்கிறதே, குட்டியாக வந்தபோது அதைப்போலவே சுருண்டு படுத்ததாம். மாமனார் கத்தரியைக் காற்றில் இரண்டு முறை கிளிக் கிளிக் என்று வெட்டினால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து மடியில் விழும். அதற்குக் கழுத்துப் பட்டை ஒன்று தைத்திருந்தார். "ஒம்பது அங்குலம். கைக்குழந்தை சட்டைக் கழுத்து" என்று அன்றைக்கு எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

பாபினுக்கு ஒரு கெட்ட பழக்கம். துணி துவைக்கும் மிஷினுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முன்பக்கம் கதவு வைத்த மிஷின், உள்ளே கதகதப்பு, அழுக்குத் துணி மெத்தை. கறுப்புப் பூனை கறுப்புத் துளைக்குள் கிடந்தால் யாருக்குத் தெரியும். அதனால் மாமனார் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். கதவைச் சாத்துமுன் கையை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் துழாவ வேண்டும். "கண்ணு இருக்குன்னு நம்பாதீங்க. கைய விட்டுப் பாருங்க." என் மனைவி அப்படியே செய்வாள். நான் செய்வதுபோல் செய்வேன். லிஃப்டின் குழிக்குள் எட்டிப் பார்க்காமல் ஒரு கதவையும் நான் மூடியதில்லை, பதினெட்டு வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. வீட்டில் வந்தால் அந்தக் கவனம் செருப்போடு வெளியே நின்றுவிடும்.

அன்று எனக்கு விடுமுறை. மனைவி அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் துணிகளைப் போட்டேன், கதவைச் சாத்தினேன், பொத்தானை அழுத்தினேன். கையை விடவில்லை. பிறகு தொலைக்காட்சி பார்த்தேன். நடுவில் மிஷினிலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. கேன்வாஸ் காலணிகளையும் சேர்த்துப் போட்டதுதான் அப்படி அடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன்.

அதற்குமேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு, அடுக்குமாடியின் பின்னால் செடிகளின் ஓரமாகப் புதைத்தேன். துணிகளை மறுபடியும் இரண்டு முறை துவைத்தேன். அவற்றில் மாமனாருடைய சட்டையும் இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது துணியெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, நான் தேநீர் போட்டு வைத்திருந்தேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர், "எங்க என் ஆளு?" என்று கேட்டுக் கத்தரியைத் தேடினார். கிளிக் கிளிக். காத்திருந்தார். மறுபடியும் கிளிக் கிளிக். முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "குப்பை கொட்டப் போனப்ப கதவு திறந்து கிடந்துச்சு மாமா. நழுவிப் போயிடுச்சு போல" என்றேன். என் வாய் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "பரவால்ல மாப்பிள்ளை, பசிச்சா வந்துடும்" என்று என்னைத்தான் தேற்றினார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் கத்தரியை வெட்டிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். மறுநாள் காலையிலேயே உங்களிடம் வந்தேன்.

பூனையோடு நீங்கள் கொடுத்த கையேட்டை எழுத்துக்கு எழுத்து நான் கடைப்பிடித்தேன் என்று சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். முதலில் ஒரு சிறிய, அமைதியான அறை. எங்கள் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் மூடிக்கிடந்த ஒரு தடுப்பறையைச் சுத்தம் செய்தேன். பழகின வாசனையுள்ள துணி ஒன்று. பாபின் படுத்த போர்வைத் துண்டையும் மாமனாரின் பழைய பனியனையும் விரித்தேன். ஒரே நேரத்தில், ஒரே கையால் உணவு. அவசரப்படுத்தக் கூடாது, தானாக வரட்டும். நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கத்தரியை எடுத்துக் கிளிக் கிளிக் என்று வெட்டி, ஒரு துண்டு மீனை மடியில் வைப்பேன். காலையில் அரை மணி, மதியம் அரை மணி, மாலையில் ஒரு மணி. நாலாவது நாள் கத்தரிச் சத்தத்துக்கு அது எழுந்து வந்து என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அன்பாக வேறெதையும் செய்ததில்லை. அதை ஒத்துக்கொள்வதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கழுத்துப் பட்டை அதற்குச் சேரவில்லை. பின்னால் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே எடுத்து மறுபடி தைத்தேன். ஐந்தாவது நாள் மாலை, பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு, "பாருங்க யாரு வந்திருக்கான்னு" என்று வீட்டுக்குள் நுழைந்தேன்.

மனைவி ஓடிவந்து அதை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது பாபின்தான். கறுப்பு உடம்பு, மஞ்சள் கண், கழுத்தில் அந்தப் பட்டை, வேறென்ன வேண்டும். மிரண்டு விழித்ததற்கும் மூலையில் போய் ஒடுங்கியதற்கும், "பாவம், வெளிய அலைஞ்சு பயந்து போயிருக்கு" என்று அவளே காரணமும் சொன்னாள். மாமனார் கத்தரியை வெட்டினார். பூனை வந்தது. மடியில் ஏறியது. அவருடைய இரண்டு கைகளும் அதன் தலையில் தொடங்கி வால்வரை போயின. மறுபடி தலைக்கு வந்தன. கழுத்தில் நின்றன.

"இது யாரு தையல்?" என்றார்.

"பட்டை அறுந்திருந்துச்சு மாமா. நான்தான் தைச்சேன்."

"ஓ" என்றார். அதற்குப் பிறகு அவர் விரல்கள் நகரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, கழுத்திலிருந்த நாடாவை எடுத்துப் பூனையின் கழுத்தைச் சுற்றி அளந்தார். உதடு எண்ணியது. "ஒம்பதே முக்கால். என் பாபினுக்கு ஒம்பது" என்றார்.

மனைவி சிரித்தாள். "பூனைக்குக்கூட அளவு மாறக் கூடாதாப்பா? குண்டாயிருக்கும்."

"நாலு நாள் பட்டினியா தெருவுல கெடந்த பூனைக்குக் கழுத்து பெருக்குமா? யாரு வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்துச்சு?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளும் அளந்தார். அதற்கு மறுநாளும். பூனை அவர் மடியில் நிம்மதியாகத் தூங்கும், அவர் அதைத் தடவிக்கொண்டே, "நல்ல பூனைதான். ஆனா இது என் பூனை இல்ல" என்பார். கோபமே இல்லாமல் சொல்வார். பக்கத்து வீட்டாரிடம் சொன்னார், திரைச்சீலை வாங்க வந்த அம்மாவிடம் சொன்னார். மூன்று வாரம் இப்படியே போனது. மனைவி சமையலறையில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். "எங்கம்மாவும் இப்படித்தாங்க ஆரம்பிச்சாங்க. இது என் வீடு இல்ல, இது என் பொண்ணு இல்லன்னு" என்றாள்.

அவளைத் தேற்றினேன். தேற்றும்போது அவள் தலை என் தோளில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த பயம் அந்த நிமிடமே போய்விடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடலாம்" என்றேன்.

மருத்துவர் நல்லவர். கிழமை, மாதம், வீட்டு முகவரி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல் என்று எல்லாம் கேட்டார். மாமனார் எல்லாவற்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். கடைசியில், "டாக்டர், நான் என் மனசைச் சொல்லல, டேப் சொல்றதைச் சொல்றேன்" என்றார். மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, நெருங்கியவர்களை வேறு யாரோ என்று சாதிக்கும் கோளாறு ஒன்று உண்டு, சிலருக்கு அப்படித்தான் தொடங்கும், கொஞ்ச நாள் கண்காணியுங்கள் என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

அன்று மாலை மனைவி ஒரு யோசனை சொன்னாள். அவளும் அவருடைய மகள்தான், எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டாள். "அப்பா, நாளைக்கு சாயங்காலம் எங்க ரெண்டு பேர் முன்னாலயும் நீங்களே இன்னொரு தடவை அளங்க. ஒம்பதே முக்கால் வந்தா நான் உங்க கட்சி. என்ன நடந்துச்சுன்னு நானே தெருத்தெருவா விசாரிக்கறேன். ஒம்பது வந்தா நீங்க இதை விட்டுடணும்."

"ஒம்பது வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார் மாமனார். குரலில் அவ்வளவு நிம்மதி. கடைசியில் ஒருத்தி தன் பேச்சைக் கேட்கிறாள் என்ற நிம்மதி. மனைவி என்னிடம் திரும்பி, "உங்க பையில ஒரு இரும்பு டேப் இருக்குமே, அதையும் வெச்சுப் பாத்துடலாம்" என்றாள். "அது வேலை எடத்துல இருக்கு" என்றேன். அது என் காலடியில் பைக்குள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது ஆணியில் மாட்டியிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அவசரத்தில் சட்டையோடு சேர்த்து அள்ளிப் பையில் போட்டுவிட்டேன், மாலையில் கொண்டுவருகிறேன் என்றேன். "ஒரு நாள் கழுத்து சும்மா இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார்.

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் மிஷின் அறை. மதியச் சாப்பாட்டு நேரம். மெல்லிய குறடு, அளவுகோல், கொஞ்சம் மெழுகு. கழுத்தை மட்டும் சரிக்கட்ட முதல் ஒன்பது பின்னை நகர்த்தினால் போதும். ஆனால் பத்தாவது பின்னில் இடைவெளி மாறினால் அவர் விரல் சட்டென்று பிடித்துவிடும். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்கும் பிடிக்காது. அதனால் அறுபதையும் பிடுங்கினேன். ஒவ்வோர் அங்குலத்தையும் ஒரு நூலுக்கும் குறைவாக, மயிரிழையில் நீட்டி, வரிசையாக மறுபடி அடித்தேன். பழைய துளைகளை மெழுகு தேய்த்து அடைத்தேன். ஐந்து பின் மிச்சம் வந்தது. அவர் ஐம்பத்தைந்து அங்குலத்துக்குமேல் எதையும் அளந்து வருடக்கணக்காகிறது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கை நடுங்கவில்லை.

மாலையில் அவர் அளந்தார். விரல் ஓடியது, உதடு எண்ணியது, நின்றது. அவிழ்த்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது முறை அளக்கும்போது அவர் மோவாய் லேசாக ஆடியது.

"ஒம்பது" என்றார்.

என் மனைவி அழுதாள். அவள் ஜெயித்துவிட்டாள், அதற்காக அழுதாள். மாமனார் சொன்ன சொல் தவறவில்லை. பூனையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து நான் ஊசி கோத்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கையைச் சாணாக விரித்து நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, என் சாண் ஒம்பது அங்குலம். சின்ன வயசுலேர்ந்து ஒம்பது. இப்ப எட்டேகால்தான் வருது. வயசானா கையுமா சுருங்கும்?"

"சுருங்கும்போல மாமா" என்றேன்.

"ஆமா. நாப்பது வருஷமா டேப் பொய் சொன்னதில்ல. கைதான் பொய் சொல்லுது."

நூல் கோத்த ஊசியைத் திண்டில் குத்தினேன். பத்தாவது ஊசி. இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூனிக் குறுகிப் போகிறது. அன்றைக்கு அப்படி ஆகவில்லை. அன்றைக்கு, அப்பாடா என்றிருந்தது.

வருடத்துக்கு ஒரு முறை மகளுக்கு வேலைக்கான வெள்ளைக் கோட்டு அவர்தான் தைப்பார். அவளை அளப்பதே இல்லை, அளவெல்லாம் மனப்பாடம். மார்பு முப்பத்தாறு, கை இருபத்திரண்டு. அந்த வாரம் தைத்துக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தொளதொளவென்று தொங்கியது, கை விரல்களை மூடியது. அவர், "எப்படிம்மா இருக்கு, இங்க வா" என்று கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். தையல் தோளைத் தாண்டி இறங்கியிருந்தது. அவர் விரல்கள் அந்தத் தையலையே பிடித்துக்கொண்டு நின்றன. "நல்லாதான்பா இருக்கு" என்றாள் அவள். அவள் சொன்னதும் பொய்தான். ஆனால் அவள் பொய்யையும் என் பொய்யையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அன்றோடு தையல் மிஷின் நின்றது. ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார். "உங்கம்மாவ நான் பாத்தேன், நீ பாத்தே. இன்னொரு தடவை உனக்கு அது வேண்டாம். இன்னும் புத்தி கொஞ்சம் இருக்கறப்பவே என்னை ஒரு நல்ல எடமா பாத்து விட்டுடு." அவள் முடியாது என்றாள், கெஞ்சினாள். அவர் மிஷினுக்கு உறை போட்டார். ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லம். கொண்டுபோய் விட்ட நாளில் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றிச் சுருட்டி என் கையில் வைத்தார். "இது எனக்கு இனிமே எதுக்கு" என்றார்.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். மேலே காலணிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்று நான் மிஷினில் காலணி போடவில்லை. அவை வாசலில், அலமாரியில் இருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தன. சத்தம் கேட்டபோது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் பார்க்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்வரை எதுவும் நடக்கவில்லை. அதனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே அந்தச் சத்தத்தைக் கூட்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று தோன்றியது. பின்களைப் பிடுங்கிப் பழைய துளைகளிலேயே அடித்து, மிச்சம் வைத்திருந்த ஐந்தையும் சேர்த்து, நாடாவை ஒழுங்காக்கி எடுத்துக்கொண்டு போனேன். கையில் ஏதாவது வேலை இருந்தால் அவருக்குப் பொழுது போகும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இல்லத்தில் அவருடைய பொறுப்பாளரைப் பார்த்துப் பேச அவள் உள்ளே போனாள். நானும் அவரும் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். இளைத்திருந்தார். மாத்திரையால் பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருந்தது.

நாடாவை மடியில் வைத்தேன். விரல் தானாகப் போய் அதைப் பிடித்தது. கையைச் சாணாக விரித்து அளந்தார். ஒன்பது. இன்னொரு முறை அளந்தார். ஒன்பது. அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை. கட்டைவிரல் நாடாவின்மேல் மறுபடியும் முதலிலிருந்து புறப்பட்டது, இந்த முறை மிக மெதுவாக. பின்களுக்கு நடுவில் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் தள்ளி, இன்னோர் இடத்தில் சுரண்டினார். பொய்யான பின்கள் இருந்த துளைகளை மெழுகு வைத்து மூட நான் மறந்துபோயிருந்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனார்.

பிறகு நாடாவைச் சுருட்டினார். என் பக்கம் முகத்தைத் திருப்பினார். குரல் அவருடைய பழைய குரல்.

"மாப்பிள்ளை. என் பூனை எங்க?"

உள்ளே மனைவி யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவாள். அவர் காத்திருந்தார். கத்தரியை வெட்டிவிட்டுக் காத்திருப்பாரே, அதே மாதிரி.

"வீட்டுலதான் இருக்கு மாமா" என்றேன். "உங்களைத்தான் தேடுது."

அவர் தலையை ஆட்டினார். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை, என்னிடம் திருப்பித் தரவும் இல்லை. மகள் வந்து, "என்னப்பா, மாப்பிள்ளை டேப் குடுத்தாரா?" என்று கேட்டபோது, "குடுத்தாரு" என்றார். அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். சொன்னாலும் அவள் அழுவாளே தவிர நம்பமாட்டாள். அதற்கு ஒரு மருத்துவரின் சீட்டு இருக்கிறது. அவளை யோசித்துத்தான் அவர் பேசாமல் இருக்கிறார், எனக்குத் தெரியும். நானும் அவளை யோசித்துத்தான் பேசாமல் இருக்கிறேன்.

இந்தத் தாள்களை உறையில் போடுவேனா என்பது தெரியவில்லை. படிவத்தைக் கட்டாயம் நாளைக்கே அனுப்பிவிடுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். உணவு, தடுப்பூசி, தூங்கும் இடம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். பூனை இப்போது தையல் மிஷின்மேல், உறைக்கு மேலேயே படுத்திருக்கிறது. வீட்டிலுள்ள அனைவரும் புதிய பிராணியை ஏற்றுக்கொண்டுவிட்டார்களா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆம் என்று எழுதியிருக்கிறேன். இப்போது வீட்டில் இருக்கும் அனைவரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.